களைத்துப் போனவர்களின் கேமரா



"நேரமே இல்லப்பா" என்பதுதான் எங்கள் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வசனம். பி.காம் படிக்கிறோம் என்று பெயர். ஆனால் பாதிப் பேர் கல்லூரி விட்டதும் ஏதாவது ஒரு வேலைக்கு ஓடுவோம். ஒருவன் ஜவுளிக்கடையில் நிற்கிறான். ஒருவன் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகிறான். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படம் வரைந்தவர்கள், கவிதை எழுதியவர்கள், பறை அடித்தவர்கள் எல்லாம் எங்களுக்குள் உண்டு. பிளஸ் ஒன் வந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டோம். அப்புறம் யாரும் ஏறி எடுக்கவில்லை.

இந்த வருஷம் எங்களில் மூன்று பேர் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறோம். கையில் இருப்பது போன் கேமராதான். வீட்டில் உடனே கேள்வி வந்தது: "உழைச்சிக் களைச்சி வர்றவனுக்கு இது எதுக்கு? வசதியானவன் வச்சுக்கிற பொழுதுபோக்கு இல்லையா அது?"

கேள்வி நியாயமானது. கோபப்படாமல் பதில் தேடினேன். தேடியதில் ஒரு நல்ல வரலாறே கிடைத்தது. அதில் ஒரு கதாநாயகன் நம் இனத்து ஆள் வேறு. அதாவது, பேரேடு எழுதிய ஒரு வங்கிக் குமாஸ்தா :-)

லீவு கிடைத்தவர்களின் கலை

வீட்டில் சொன்னது முழுக்கத் தப்பில்லை. புகைப்படக் கலை பிறந்தபோது அது வசதியும் ஓய்வும் உள்ளவர்களின் கையில்தான் இருந்தது. 1839இல் பிரான்சில் டாகுர் தன் முறையை வெளியிட்டார். 1851இல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும் 'ஈரத் தகடு' முறையைக் கொண்டுவந்தார். படம் தெளிவாக வந்தது. ஆனால் பாடு கொஞ்ச நஞ்சமில்லை. கண்ணாடியைத் துடைத்து, கொலோடியன் என்கிற பிசுபிசுப்பான திரவத்தை அதன்மேல் சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். எல்லாம் சில நிமிஷங்களில் நடக்க வேண்டும். அதனால் படம் எடுக்கிறவர் எங்கே போனாலும் ஒரு இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்துகொண்டுதான் போனார்.

நம் பக்கத்துக்கு வருவோம். லினியஸ் டிரைப் என்று சென்னைப் படையில் ஒரு கேப்டன். விடுப்பில் இங்கிலாந்து போயிருந்தபோது புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். 1854இல் திரும்பி வந்து, பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே நியமித்தது. மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு 1857, 58இல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டையையும் எடுத்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று போனை வலமிருந்து இடமாக நகர்த்தி 'பனோரமா' எடுக்கிறோமே, அதை அவர் கையால் ஒட்டிச் செய்தார்!

அப்புறம் என்ன ஆச்சு? சர் சார்லஸ் டிரெவல்யன் 1859இல் சென்னை கவர்னராக வந்தார். வரவு செலவைப் பார்த்தார். இருக்கிற நிதி நிலைமைக்குப் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். கவர்னரோ கவர்னர் இல்லையோ, பட்ஜெட் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிரைப் கற்றுக்கொண்டது விடுப்பில். சென்னையில் 1856இல் புகைப்படச் சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஹண்டர். அவர் ஒரு மருத்துவர். சென்னையில் 1850இல் ஓவியப் பள்ளியை ஆரம்பித்தவரும் அவரே. ஆக, விடுப்பும் சம்பளமும் இரண்டும் உள்ளவர்கள்தான் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள். மாட்டு வண்டி ஓட்டியவரும் தண்ணீர் சுமந்தவரும் பின்னால் நின்றதில்லை.

கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள்

அப்படியானால் உழைத்துக் களைத்தவர்கள் புகைப்பட வரலாற்றில் எங்கே இருக்கிறார்கள்? படத்துக்குள்ளே இருக்கிறார்கள்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் மலையாளி என்று ஒரு பகுதி உண்டு. கேரளத்து மலையாளி இல்லை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, நம் கல்வராயன் ஆகிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று அவர்கள் சொல்லும் பழங்கதையை நம் ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருப்பீர்கள்.

தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் ஆட்களின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், படம் எடுத்தார். அவரைப் பார்த்து மக்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் நல்ல ஆட்களாகப் பிடித்துப் பஞ்சு அடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று நினைத்தார்களாம். படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் யோசித்தால், அந்தப் பெண்கள் நினைத்தது அப்படியொன்றும் பொய்யில்லை என்று தோன்றும். உடம்பை எடுத்துப் போகவில்லை, உருவத்தை எடுத்துப் போனார்கள். படத்தில் நின்றவருக்கு ஒரு பிரதி கிடைத்திருக்குமா?

அடுப்படியில் தூங்கிய குமாஸ்தா

இனி நம் கதாநாயகனைப் பார்ப்போம். ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1854இல் அமெரிக்காவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். வீட்டில் கஷ்டம். 14 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாரத்துக்கு 3 டாலர். 1874இல் ராசெஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலைக் குமாஸ்தா ஆனார். சம்பளம் வாரத்துக்கு 15 டாலருக்குக் கொஞ்சம் மேலே உயர்ந்தது. அம்மாவைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில்.

1877இல், 20களின் தொடக்கத்தில் இருந்தபோது, லீவு போட்டு சாண்டோ டொமிங்கோ என்கிற ஊருக்குப் போகத் திட்டம் போட்டார். "போற இடத்தையெல்லாம் போட்டோ எடுத்துட்டு வாயேன்" என்றார் கூட வேலை பார்த்தவர். ஈஸ்ட்மன் ஈரத் தகட்டுச் சாமான் செட்டு ஒன்றை வாங்கினார். பெரிய பெட்டி மாதிரிக் கேமரா, கனமான முக்காலி, கூடாரம், ரசாயனங்கள், கண்ணாடித் தொட்டிகள், தண்ணீர்க் குடுவை என்று ஒரு குதிரை சுமக்கிற சுமை. அதை இயக்கக் கற்றுக்கொள்ள ஒரு புகைப்படக்காரருக்கு 5 டாலர் கட்டணமும் கொடுத்தார்.

கடைசியில் சாண்டோ டொமிங்கோ போனாரா? போகவே இல்லை! ஆனால் போட்டோ பைத்தியம் மட்டும் பிடித்துக்கொண்டது.

ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்கிற ஆங்கில மருத்துவர், ஜெலட்டின் பூசிய காய்ந்த தகட்டிலேயே படம் எடுக்க முடியும் என்று 1871இல் எழுதியிருந்தார். ஈரத் தகட்டு ரசாயனத்தின் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் மாற்றுத் தேடியவர் அவர். இங்கிலாந்தில் மற்றவர்கள் அதை மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திகளைப் பத்திரிகையில் படித்த ஈஸ்ட்மன், தானும் செய்து பார்க்க இறங்கினார். எங்கே? அம்மாவின் சமையலறையில். எப்போது? பகலெல்லாம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில். சில ராத்திரிகளில் உடை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் போர்வையை விரித்துத் தூங்கிவிடுவான் என்று அவருடைய அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். காலேஜும் வேலையும் முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் பாயில் சாய்ந்த அனுபவம் நம் எல்லாருக்கும் இருக்கும். அதே அசதிதான் அங்கேயும்.

1879இல் தகடுகளுக்குப் பூச்சுப் பூசும் இயந்திரத்துக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். 1880இல் ராசெஸ்டரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் தகடு தயாரித்து விற்க ஆரம்பித்தார். அப்போதும் வங்கி வேலையை விடவில்லை. 1881 ஜனவரியில் ஹென்றி ஸ்டிராங் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். வங்கியை விட்டது அந்த வருஷம் செப்டம்பரில்தான். காலில் ஊன்ற இடம் கிடைத்த பிறகே பழைய காலை எடுத்தார். கணக்கு தெரிந்த ஆள்!

ஒரு டாலர் பெட்டி

1888இல் கோடாக் கேமரா வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கு பிலிம் ஏற்றியே தருவார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவிப் பிரதி போட்டு, புது பிலிமும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும்.

ஆனால் 25 டாலர் என்பது, குமாஸ்தா ஈஸ்ட்மன் வாங்கிய சம்பளத்தில் ஒன்றரை வாரத்துக்கு மேல். ஆகவே அதுவும் நடுத்தர வர்க்கத்துக்குத்தான் எட்டியது. 1900இல் வந்தது 'பிரவுனி'. அட்டைப் பெட்டியில் செய்த கேமரா, விலை ஒரே ஒரு டாலர். பிலிம் 15 சென்ட். முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. பள்ளிப் பிள்ளைகள்கூட வாங்கினார்கள்.

நம் பாடத்தில் வேலைப் பகுப்பு என்று படிக்கிறோம் இல்லையா? ஈஸ்ட்மன் செய்தது அதைத்தான். படம் எடுப்பதை ஓர் ஆளுக்கும், மற்ற பாட்டையெல்லாம் தொழிற்சாலைக்கும் பிரித்துவிட்டார். அடுப்படியில் தூங்கிய மனுஷனுக்கு, வேலைக்குப் போகிறவனுக்கு எதில் சிக்கல் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் ஓய்வு கிடைப்பவரும் படம் எடுக்கலாம் என்று ஆனது இதற்குப் பிறகுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அந்தப் பாடு ஒன்றும் ஆவியாகிப் போய்விடவில்லை. இருட்டறைகளில் பிலிம் செய்த, கழுவிய தொழிலாளர்களின் தோளுக்கு மாறியது. இன்றைக்கும் அப்படியே. நம் பையில் இருக்கும் போன்களில் கணிசமானவை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் உருவாகின்றன. அங்கே இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களில் மாவட்டங்களிலிருந்து விடுதியில் தங்கி வேலைக்குப் போன இளம்பெண்கள் ஏராளம். நம் போட்டோ சுலபமாக வருவதற்கு யாரோ ஒருவர் ராத்திரி கண் விழித்திருக்கிறார்.

நம்ம ஊர் ஆட்கள்

இதெல்லாம் அமெரிக்காக் கதை என்று ஒதுக்க முடியாது. வேலூர்க்காரர் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் முதலில் சைக்கிள் வியாபாரமும், பிறகு மோட்டார் கார், உதிரி பாகங்கள் வியாபாரமும் செய்தவர். படத்தின்மேல் ஆசை. பூனாவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்கிற ஒளிப்பதிவாளரிடம் கேமரா இயக்கக் கற்றுக்கொண்டார். புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் அது. உதிரி பாகம் விற்ற கைதான் அந்தக் கேமராவைச் சுற்றியது.

அ. மாதவையா உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர். 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வந்தது. அவருடைய கடைசி மகன்தான் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பலவகை வேலை பார்த்தார். அப்புறம் காட்டுயிர்களைப் படம் எடுத்தும் எழுதியும் வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். கணக்குப் போட்டால் 46 வருஷம்! கடையில் விற்கும் விலையுயர்ந்த கேமராவுக்காக அவர் காத்திருக்கவில்லை. வெவ்வேறு கேமரா, லென்ஸ் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைப் பூட்டி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டார். யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை அவசியம் தேடிப் பாருங்கள்.

கள்ளக்குறிச்சியின் படம் எது?

இப்போது கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கற்றுக்கொள்வதால் என்ன லாபம்?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் ஊர் தனி மாவட்டம் ஆனது. ஆனால் வெளியூர்க்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்றால் மனசில் வரும் படம் எது? 2024 ஜூன் மாதம். கருணாபுரம். விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். வரிசையாக எரிந்த சிதைகளும், தலையில் அடித்துக்கொண்டு அழுத பெண்களும்தான் நாடு முழுக்கப் போன படங்கள். அந்தப் படங்கள் தேவைதான். எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தன என்று காட்டும் படம் எத்தனை பேரிடம் இருக்கும்?

கல்வராயன் மலையும் அப்படித்தான். 1976இல் ஜாகிர் முறை ஒழியும்வரை அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்து மலை ஜனங்களின் முகம் ஒன்றைத் தேடினால், வெளியிலிருந்து வந்தவர் எடுத்ததாகத்தான் இருக்கும். இன்றும் மேகம் அருவி, பெரியார் அருவிப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வெள்ளிமலையில் விறகுச் சுமையோடு இறங்குகிற அம்மாவைப் பெயரோடும் மரியாதையோடும் காட்டும் படம் அபூர்வம். நூறு வருஷத்துக்கு மேலாகக் களைத்தவர்கள் கேமராவுக்கு முன்னால் மட்டுமே நின்றார்கள். இப்போதுதான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பின்னால் வந்து நிற்க முடிகிறது. நம் வீட்டுக் கேள்விக்கு என் பதில் இதுதான்: இது வசதியானவர்களின் கலையாக ஆரம்பித்தது நிஜம். அதனாலேயே நாம் அதை அவர்களிடமே விட்டுவைக்கக் கூடாது.

அசதியோடு எப்படிக் கற்பது?

வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில பாடங்கள்:

1. பயணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஈஸ்ட்மன் சாண்டோ டொமிங்கோ போகாமலேயே கற்றார். நமக்குக் கச்சிராயபாளையம் ரோடு போதும். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர், சின்னசேலம் பக்கத்து மரவள்ளிக் காடு, 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மரச் சிற்பம் செதுக்கும் கைகள். எத்தனையோ இருக்கின்றன.

2. தெரிந்தவரிடம் கொஞ்சம் கேளுங்கள். அவர் 5 டாலர் கொடுத்துக் கற்றார். நம் ஊர் ஸ்டுடியோ அண்ணன்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். 36 படம் உள்ள ரோலில் ஒன்றைக்கூட வீணாக்காமல் எடுத்துப் பழகியவர்கள் அவர்கள்.

3. வேலைக்குப் போகிற நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. நல்ல வெளிச்சம் கிடைப்பது சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் சாயங்காலத்திலும். முதல் பஸ்ஸுக்கு நிற்பதும், பொழுது சாயும்போது திரும்புவதும் யார்? நாம்தான்! ஒன்பது மணிக்கு எழுந்து வருகிறவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது.

4. ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம். பத்து நிமிஷம். அதற்கு மேல் தெம்பு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் தூங்குங்கள். தூக்கமும் முக்கியம்.

5. ஆளை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்தால் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். தர்ஸ்டன் காலத்தில் ஆரம்பித்த கடன் அது. நம் தலைமுறையாவது கொஞ்சம் கொஞ்சமாக அடைப்போம்.

பரணில் மூட்டை கட்டி வைத்தது போட்டோவாக இல்லாமல் ஓவியமாகவோ பறையாகவோ இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நீங்கள் எதை மூட்டை கட்டினீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.